அக்கரைக் கோட்டை

ஆறுதலா ஏறுங்கோ அம்மா, ஒருத்தரும் துரத்தேல்லை எண்டு பின்னாலை வாற மகள் ஆரணி சொல்லுறாள். ஒருத்தரும் துரத்தேல்லைத்தான். ஆனால் மேலை ஒருத்தர் வந்து நிக்கிறாரோ இல்லையோ எண்ட நினைப்புத் துரத்துதே, அதை என்ன செய்யிறது. ஐம்பத்தெட்டு வயசிலை, ஜெர்மனியிலை, மோசல் ஆத்துக்கு மேலை, இடிஞ்ச கோட்டை பார்க்க மலை ஏறுறன். கோட்டை பார்க்க. ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லவேணும், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த செல்வமணி அக்கா பாடமாக்கித் தந்தவ. நீ சும்மா கோட்டை பார்க்கப் போறாய் தவமலர், அவரும் சும்மா கோட்டை பார்க்க வருவார், பத்தரைக்கும் பதினொண்டரைக்கும் இடையிலை எதேச்சையா எதிர்ப்படுறியள், பிடிச்சால் நிண்டு கதையுங்கோ, பிடிக்காட்டிக் கல்லைப் பார்த்து ஆத்தைப் பார்த்து அவரவர் பாட்டிலை இறங்குங்கோ. ஆள் வராட்டி அதுவும் ஒரு பதில்தான், பிறகு ஏன் வரேல்லை எண்டு ஒருத்தரை ஒருத்தர் கேட்கப்படாது. அவரின்ரை நம்பர் தாங்கோ அக்கா, ஒரு அவசரத்துக்கு எண்டு கேட்டதுக்கு, நம்பர் வாங்கிப்போட்டுச் சந்திச்சால் அது எதேச்சையோ எண்டு என்னையே திருப்பிக் கேட்டவ. ஊரிலை கோயில் வீதியிலை காலங்காலமா நடக்கிற விசயம்தான். பொம்பிளை பகுதி கும்பிட வரும், மாப்பிள்ளை பகுதியும் கும்பிட வரும், ரெண்டு பகுதியும் ஒரே தூணடியிலை ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிக்கும், சரிவராட்டி ஒருத்தருக்கும் வெக்கக்கேடு இல்லை, சாமி கும்பிடத்தானே போனது. ஆனால் இஞ்சத்தைக் கோயிலிலை என்னாலை ஏலாது. வாற சனம் சாமியைப் பார்க்கிறதைவிட ஆர் ஆரோடை நிக்கினம் எண்டுதான் பார்க்கும். புருசன் செத்து எட்டு வருசமான பொம்பிளை இன்னொரு மனுசனோடை அர்ச்சனைத் தட்டு வைச்சுக்கொண்டு நிண்டால், அண்டைக்குப் பின்னேரமே கதை கனடா வரைக்கும் போயிடும். அதுதான் அக்கா கோட்டையைக் கண்டுபிடிச்சது. அங்கை வெள்ளைக்காரர்தான் நிப்பினம், அவைக்கு நீங்கள் ரெண்டு பேரும் ஏற்கனவே புருசன் பெண்சாதியாத்தான் தெரியும் எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சா பாருங்கோ ஒரு சிரிப்பு. இப்ப அந்த மனுசி பெறாமகளின்ரை கலியாணத்துக்கெண்டு கனடாவுக்குப் பிளேனிலை பறந்துகொண்டிருக்கிறா. வாத்தியார் இல்லாமல் சோதினை எழுதப் போறன்.

மூச்சு வாங்குது. நிண்டு பார்க்கிற மாதிரி நிக்கிறன். பார்க்கவும் வேணும்தானே, இவ்வளவு தூரம் வந்து. ரெண்டு பக்கமும் முந்திரிகைத் தோட்டம், திராட்சைக்கு எங்கடை பக்கம் முந்திரிகை எண்டுதான் பேர். மலையின்ரை முதுகு முழுக்க வரிசை வரிசையா, ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு கம்பு. நிண்டால் உருண்டுபோற சரிவிலை எப்பிடித்தான் நிண்டு வேலை செய்யினமோ. கோண்டாவிலிலை மாமா வீட்டு முந்திரிகை பந்தலிலை படர்ந்து கிடக்கும், கீழை நிழலிலை நிண்டு அண்ணாந்தால் குலை நெத்தியிலை முட்டும். இஞ்சை கொடி வெய்யிலுக்கு ஏங்கிக்கொண்டு நிமிர்ந்து நிக்குது. நானும் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், காலிலை ஓடப் போறவை போடுற சப்பாத்து, உடம்பிலை மாம்பழக் கலர்ப் பட்டு, அதுக்கு மேலை கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டின சாம்பல் கோட்டு, ஒரு நூல் மஞ்சள் வெளியிலை தெரியாமல். ஒளிச்சு வைக்கிறதுக்கு ஏன் அம்மா இவ்வளவு வடிவான சேலை எண்டு காலமை கண்ணாடிக்கு முன்னாலை ஆரணி கேட்டவள். எட்டு வருசமா நிறம் உடுத்தேல்லை. ஒருத்தரும் உடுத்தாதை எண்டு சொன்னதில்லை, நானாத்தான் சாம்பலுக்கும் மண்ணிறத்துக்கும் போயிட்டன். இண்டைக்கு ஆசையா இருந்தது. ஆசைக்கும் பயத்துக்கும் நடுவிலை ஒரு கோட்டு, அவ்வளவுதான்.

குலவீரசிங்கம் எண்டு பேர். கோட்டைக்கெண்டே வைச்ச பேர் அம்மா எண்டு ஆரணி விழுந்து விழுந்து சிரிச்சவள். அறுபத்திரண்டு வயசு, கோப்ளென்ஸிலை ஒரு பேக்கரியிலை இருபத்தெட்டு வருசம் பாண் போட்டவர், போன வருசம் பென்சன், மனுசி செத்து ஆறு வருசம், ஒரே மகன் லண்டனிலை. இது சரிவராட்டி வாற மாசம் வீட்டைக் குடுத்துப்போட்டு மகனோடை போய் இருக்கப் போறாராம். அக்கா இதைச் சொல்லேக்கை சாதாரணமாத்தான் சொன்னவ, எனக்குத்தான் அண்டைக்கு நித்திரை வரேல்லை. தெரியாத மனுசன் லண்டனுக்குப் போனால் எனக்கென்ன. ஆனால் போயிடுவார் எண்டு கேட்டவுடனைதான் எனக்கு ஒரு ஆள் வேணும் எண்டு எனக்கே தெரிஞ்சது. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. சமைச்சுப் போட அல்ல, கை பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவும் அல்ல, அதுக்கு ஆரணி இருக்கிறாள். ரீவியிலை ஒரு பகிடி போகேக்கை பக்கத்திலை திரும்பிப் பார்க்க ஒரு முகம் வேணும். இப்பவும் காலமை கேத்திலிலை ரெண்டு கோப்பைத் தண்ணி வைச்சு ஒரு கோப்பையைச் சிங்குக்குள்ளை ஊத்துறன். படம் அனுப்பட்டோ எண்டு அக்கா கேட்டவ. வேண்டாம் எண்டிட்டன். படத்திலை எல்லாரும் நல்லவை. நான் நேரிலை பார்க்கவேணும், நிமிர்ந்து பார்க்கவேணும், பார்த்துப்போட்டுத்தான் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுவன். இதிலை மட்டும் நான் விடமாட்டன்.

ஏனெண்டால் முதல் தரம் நான் பார்க்கேல்லை. எண்பத்தேழாம் ஆண்டு, காரைநகரிலை, சிவன் கோயில் தெற்கு வீதி, இருபத்தொரு வயசு. குனிஞ்ச தலை நிமிரப்படாது எண்டு அம்மா முழங்கையிலை கிள்ளிக் கிள்ளிக் கூட்டிக்கொண்டு போனவ. எனக்குத் தெரிஞ்சது ரெண்டு கால். வேட்டிக் கரை, அதுக்குக் கீழை ரெண்டு பாதம், வலது பெருவிரல் நகம் கறுத்துப்போய். சைக்கிள் விழுந்ததாம், அதுகூடக் கலியாணத்துக்குப் பிறகுதான் கேட்டனான். அந்த நகத்துக்குத்தான் நான் ஓம் எண்டு சொன்னது. வீட்டை வந்து, மாப்பிள்ளை பிடிச்சிருக்கோ எண்டு கேட்க, தலையை ஆட்டினன், நகத்தைப் பிடிச்சிருக்கோ எண்டு கேட்டமாதிரி. அவர் கூடாத மனுசன் இல்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, ரெண்டு வேலை செய்து, பிள்ளையைப் படிப்பிச்சு, ஒரு நாள் கை நீட்டேல்லை. ஆனால் நான் அவரை முழுசாப் பார்த்தது எப்ப எண்டால் ஆஸ்பத்திரியிலை, கடைசிக் கிழமை, அவர் கண்ணை மூடிக் கிடக்கேக்கை. அப்பதான் இடது புருவத்துக்குள்ளை ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதைக் கண்டன். முப்பது வருசம். இது எப்ப வந்தது எண்டு கேட்க அவர் முழிக்கேல்லை. அண்டைக்கு அழுததிலை பாதி அந்தத் தழும்புக்காகத்தான், இதை ஆருக்குச் சொல்லி விளங்கப்படுத்திறது. போதும், இண்டைக்கு அழுகை வேண்டாம், கண் மை போட்டிருக்கு.

பாதையடியிலை நடந்ததை நினைச்சால்தான் எரிச்சல் வருது. ஆத்தைக் கடக்கிற மிதவையைத்தான் சொல்லுறன், காரைநகரிலை இருந்து ஊர்காவற்றுறைக்குப் போறதை நாங்கள் பாதை எண்டுதான் சொல்லுறது, நடுக்கடலிலை ஒரு கோட்டை நிக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போவம். இந்த ஊரிலையும் ஒரு பாதை இருக்கெண்டு கண்டவுடனை எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை, காரோடை ஏத்தி, காரோடை இறக்கி, ஆறு நிமிசத்திலை அக்கரை. செல்வமணி அக்கா சொன்ன அடையாளமும் அதுதான், பாதையாலை கடந்து நிமிர்ந்து பார், கோட்டை தெரியும், ஏறு. இறங்கேக்கை, நாங்கள் வந்த பக்கம் போக ஏறுறதுக்கு நாலைஞ்சு பேர் நிண்டவை. ரெண்டு சைக்கிள்காரர், ஒரு கிழவி, பிறகு ஒரு ஆள். கறுவல். நீலக் கோட்டு, கையிலை தமிழ்க்கடை மஞ்சள் பை. எங்கடை ஆள். உடனை என்ன செய்தன்? தலையைக் குனிஞ்சு காருக்குள்ளை கைப்பையைக் கிண்டினன், இல்லாத பேனையைத் தேடுற மாதிரி. கண்டால் விடுமோ எங்கடை சனம், நீங்கள் எந்தவூர், ஆற்றை மகள், எங்கை போறியள், ஓ கோட்டைக்கோ, சேலையோடையோ. அந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை, எங்களைக் கண்டவுடனை ஆத்தைப் பார்த்துத் திரும்பிட்டார், ஏதோ ஆத்திலை திமிங்கிலம் போற மாதிரி. இந்த நாட்டிலை ரெண்டு தமிழர் எதிர்ப்பட்டால் ஒண்டு கட்டிப் பிடிப்பினம், இல்லாட்டி இப்பிடிக் கழுத்தைத் திருப்புவினம். கார் ஏறி மேலை வந்தாப் பிறகுதான் தலையை நிமிர்த்தினன். ஆரணி சிரிச்சவள்.

வந்திட்டன். கோட்டை எண்டால் கோட்டைதான், கூரை இல்லை, கதவு இல்லை, எண்ணூறு வருசத்துச் சுவர் மூண்டு, ஒரு கோபுரம் பாதியிலை உடைஞ்சு நிக்குது, உடைஞ்ச பல்லு மாதிரி நடுவாலை ஆகாயம் தெரியுது. கீழை ஆறு சேலை மடிப்பு மாதிரி ஒரு வளைவு வளைஞ்சு போகுது. அம்மாடி, எவ்வளவு வடிவு. முதலிலை அதைத்தான் நினைச்சன், ஆளை அல்ல. பிறகு ஆளைப் பார்த்தன். ஒருத்தரும் இல்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பாண் சாப்பிடுது. கோபுரத்துக்குப் பின்னாலை போய்ப் பார்த்தன், பின்னாலையும் இல்லை. நேரம் பத்தே முக்கால். நேரம் இருக்கு. சுவரிலை சாய்ஞ்சு நிண்டு கோட்டை பார்க்கிறன், நல்லாக் கோட்டை பார்க்கிறன், ஒவ்வொரு கல்லாப் பார்க்கிறன். அவர் வந்தால் எப்பிடி ஆச்சரியப்படுறது எண்டு குளியலறைக் கண்ணாடியிலை மூண்டு நாள் பழகினது, புருவத்தை எவ்வளவு உயர்த்திறது, சிரிப்பிலை பல்லுத் தெரியலாமோ, தெரியப்படாதோ. குறட்டை விடுவாரோ. சீனி வருத்தம் இருக்குமோ. பாண் போட்டவர், சோறு சாப்பிடுவாரோ. செத்த மனுசியின்ரை படத்துக்கு விளக்கு வைக்கிறவரோ, வைச்சால் எனக்குக் கோவம் வருமோ, நானும்தானே வைக்கிறன், அப்ப ஒரு வீட்டிலை ரெண்டு படம், ரெண்டு விளக்கு, அவை ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், துணைதானே. பதினொண்டு பத்து. இருபது. அரை. வெள்ளைக்காரக் குடும்பம் இறங்கிப் போகுது. ஆள் வராட்டி அதுவும் ஒரு பதில்தான். எனக்குச் சிரிப்பு வரப் பார்க்குது, மாம்பழக் கலரும் கண் மையும். என்னைப் பார்க்காமலே வேண்டாம் எண்டிட்டார். நகத்தைக்கூடக் காட்டாமல் ஒரு மனுசன். ஆரணி அங்காலை போய் ஆத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாள். பன்ரண்டு. சரி, போவம் எண்டு சொல்ல வாயெடுத்தன்.

"அம்மா, அங்காலையும் ஒரு கோட்டை இருக்கு" எண்டாள் ஆரணி.

எங்கை எண்டன். நேரை பாருங்கோ எண்டாள். ஆத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் காலமை காரிலை வந்து பாதையிலை ஏறின கரை, அதுக்கு மேலை மரத்துக்குள்ளை ஒரு உடைஞ்ச கோபுரம், இதின்ரை தங்கச்சி மாதிரி. கீழை நிக்கேக்கை எங்கடை முதுகுப் பக்கம் நிண்டிருக்கு, திரும்பிப் பார்க்கேல்லை. பாதையாலை கடந்து நிமிர்ந்து பார், கோட்டை தெரியும், ஏறு. எனக்கு விளங்கத் தொடங்கிச்சுது. நான் இடது கரையாலை காரிலை வந்து வலது கரைக்குக் கடந்தன். கோப்ளென்ஸிலை இருந்து ரயிலிலை வாற ஆளுக்கு ஸ்ரேசன் எந்தக் கரை எண்டு ஆரணியைக் கேட்டன். கையாலை கீழை காட்டினாள். ரயில் பாதை எங்கடை காலடியிலை, வலது கரையிலை. அப்ப அந்த மனுசனும் சொன்னமாதிரிக் கடந்து, நிமிர்ந்து பார்த்து, ஏறியிருப்பார். ரெண்டு பேருக்கும் ஒரே அடையாளம், ரெண்டு பேரும் சரியாத்தான் செய்திருக்கிறம். அப்ப அந்த நீலக் கோட்டு. அந்த மஞ்சள் பை. ஐயோ கடவுளே. நாலடி. நாலடி தூரத்திலை நிண்ட ஆளைப் பார்க்காமல் குனிஞ்சு பேனை தேடினவள் நான். நிமிர்ந்து பார்த்துத்தான் சொல்லுவன் எண்டு வெட்டி விழுத்தினவள். முப்பத்தேழு வருசத்துக்குப் பிறகும் இந்தக் கழுத்துக்கு அம்மா கிள்ளினது மறக்கேல்லை. இந்த முறை நகம்கூடத் தெரியேல்லை, சப்பாத்துப் போட்டிருந்தவர்.

சுவரோரம் இரும்புக் காலிலை ஒரு தூரக்கண்ணாடி நிக்குது, காசு போட்டால்தான் கண் திறக்கும். ஆரணி ஒரு காசு தந்தாள். கறுப்பு, பிறகு டக்கெண்டு வெளிச்சம், முந்திரிகை இலை ஒவ்வொண்டும் கைக்கெட்டுற தூரத்திலை. மரம், கல்லு, ஒரு வெள்ளைக்காரச் சோடி, சுவர். நீலம். அவர்தான். கட்டைச் சுவரிலை இருக்கிறார். முன்நெத்தி ஏறிப்போன தலை, நரைச்ச மீசை, கொஞ்சம் வண்டி வைச்ச வயிறு. பக்கத்திலை ஒரு வெள்ளைத் துணி விரிச்சு, காத்துக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு கல்லு. நடுவிலை பிளாஸ்க். அதுக்குப் பக்கத்திலை கோப்பை. ஒண்டு இல்லை, ரெண்டு. பதினொண்டரையோடை முடிஞ்ச நேரத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் கூடக் காத்துக்கொண்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து ஒரு வடை எடுத்தார். சாப்பிட்டார். வழியைப் பார்த்தார். இன்னொண்டு எடுத்தார். பிறகு யோசிச்சுப்போட்டு மிச்ச வடையளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி அடுக்கினார், இடைவெளி தெரியாமல், ஒருத்தரும் எடுக்காத மாதிரி. எனக்குச் சிரிப்பு வெடிச்சிட்டுது. டக்கெண்டு கண்ணாடி மூடிட்டுது. காசு, காசு எண்டு கையை நீட்டினன், ஆரணி கைப்பையையே கவிழ்த்தாள்.

திரும்பத் திறக்க, அவர் எழும்பி நிக்கிறார். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நடக்கிறார், பெரிய சரித்திர ஆராய்ச்சிக்காரர் மாதிரி. சட்டெண்டு வாசல் பக்கம் திரும்புறார். புருவத்தை உயர்த்திறார். வாய் அசையுது. கை கும்பிடுது. ஆரும் இல்லை அங்கை. பிடிக்கேல்லைப் போலை, தலையை ஆட்டிப்போட்டுத் திரும்பப் போய், திரும்பக் கையைக் கட்டி, திரும்ப நடந்து, திரும்ப எதேச்சையாத் திரும்புறார், இந்த முறை கும்பிடாமல் கொஞ்சம் சிரிச்சு. வெள்ளைக்காரச் சோடி பார்க்குது எண்டு கண்டவுடனை, கும்பிடப் போன கையாலை சுவரிலை ஒரு கல்லைக் காட்டி ஏதோ விளக்கம் சொல்லுறார் அவைக்கு. அட என்ரை ஐயா. என்ரை குளியலறைக் கண்ணாடி அங்காலையும் ஒண்டு இருந்திருக்கு. கண்ணாலை தண்ணி வருது, சிரிப்பிலைதான், மை போனால் போகட்டும். முப்பது வருசம் ஒரே கட்டிலிலை படுத்த மனுசனைக்கூட நான் இப்பிடிப் பார்த்ததில்லை, பார்க்கினம் எண்டு தெரியாமல் இருக்கிற ஒரு ஆம்பிளையின்ரை முகம். பயந்த முகம். ஆசைப்பட்ட முகம். அறுபத்திரண்டு வயசிலை வடை சுட்டு, துணி விரிச்சு, ஆச்சரியப்படப் பழகிற முகம். எனக்குப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ல ஒருத்தரும் முழங்கையிலை கிள்ளத் தேவையில்லை. எனக்குப் பிடிச்சிருக்கு.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நிண்டு வழியைப் பார்த்தார், கனநேரம். பிறகு இருந்து ஒரு கோப்பையிலை தேத்தண்ணி ஊத்திக் குடிச்சார். மற்றக் கோப்பையைத் துணியாலை துடைச்சார், அதிலை ஒண்டுமே ஊத்தேல்லை, எண்டாலும் துடைச்சார், துடைச்சுப் பைக்குள்ளை வைச்சார். கண்ணாடி மூடிட்டுது. எனக்கு விளங்கிட்டுது, அவருக்குப் பதில் கிடைச்சிட்டுது. ஆள் வராட்டி அதுவும் ஒரு பதில்தான், பிறகு கேட்கப்படாது. மானமுள்ள மனுசன், கேட்கமாட்டார், வாற மாசம் லண்டன். பாதையாலை போவம் எண்டு ஆரணியை இழுத்தன். பன்ரண்டிலை இருந்து ஒண்டரை வரைக்கும் பாதை ஓடாது அம்மா, அவைக்குச் சாப்பாட்டு நேரம், பாலத்தாலை சுத்தினால் முக்கால் மணித்தியாலம் எண்டாள். கத்தினால்? ஆத்தைத் தாண்டி மலையைத் தாண்டி என்ரை குரல் எங்கை போறது. நம்பர் இல்லை. அக்கா ஆகாயத்திலை. எல்லாத்தையும் எதேச்சையாவே ஒழுங்குபடுத்தி வைச்ச எங்கடை கெட்டித்தனம். வெறுங்கண்ணுக்கு அங்காலை ஒரு நீலப் பொட்டு, துணியை மடிக்குது, குனிஞ்சு நிமிருது. இந்தச் சாம்பல் சுவரோடை சாம்பல் கோட்டோடை நிண்டால் கல்லுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

கோட்டைக் கழட்டினன். "அம்மா, குளிரும்" எண்டாள் ஆரணி. குளிரட்டும். தோள் ஊசியைக் கழட்டி, முந்தானையை ரெண்டு கையாலும் தலைக்கு மேலை பிடிச்சன். காத்து ஒரு இழுவை இழுத்துது, பட்டு படபடவெண்டு அடிச்சு நிமிர்ந்துது, எண்ணூறு வருசத்துக் கோட்டைக்கு இண்டைக்கு மாம்பழக் கலரிலை ஒரு கொடி. வெய்யில் வேறை நேரை விழுது. ஒரு பொம்பிளை ஐம்பத்தெட்டு வயசிலை மலையுச்சியிலை சேலைத் தலைப்பை ஆட்டிக்கொண்டு நிக்கிறாள், காரைநகர் முழுக்க வந்து பார்க்கட்டும், கனடாவும் பார்க்கட்டும். ஆரணி தூரக்கண்ணாடிக்குள்ளை முகத்தை வைச்சு நேர்முக வர்ணனை சொல்லுறாள். நடக்கிறார் அம்மா, வாசலுக்குப் போறார், போறார், இல்லை, நிண்டிட்டார். வெள்ளைக்காரப் பொம்பிளை அவருக்குக் கையாலை எங்களைக் காட்டுறா. திரும்புறார். பையைக் கீழை வைக்கிறார். அங்கையும் ஒரு தூரக்கண்ணாடி இருக்கு அம்மா, அதுக்குப் போறார். பொக்கற்றுக்குள்ளை காசு தேடுறார். மற்றப் பொக்கற். பின் பொக்கற். அந்தப் பொம்பிளை காசு குடுக்கிறா. குனியிறார். ஆத்தைப் பார்க்கிறார், மேலை, இன்னும் மேலை, கிட்ட வந்திட்டார்.

"அம்மா, உங்களைத்தான் பார்க்கிறார்."

ஒரு ஆம்பிளை என்னைப் பார்க்கிறார், எனக்குத் தெரியும், கழுத்துக்கும் தெரிஞ்சிட்டுது, அது தன்ரை பாட்டிலை கீழை போகப் பார்க்குது, நாடி நெஞ்சிலை முட்டப் பார்க்குது, தெற்கு வீதி மணலைப் பார்க்கப் பார்க்குது. நான் விடேல்லை. முந்தானையை இறக்கித் தோளிலை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிண்டன். பார்க்கட்டும். நரை பார்க்கட்டும், கரைஞ்ச மை பார்க்கட்டும், ஓடுற சப்பாத்தையும் பார்க்கட்டும். நானும் அந்த நீலப் பொட்டை நேரை பார்க்கிறன், ரெண்டு மலைக்கும் நடுவிலை ஆறும் ஒரு தோட்டம் முந்திரிகையும் மட்டும்தான். கும்பிடுறார் எண்டாள் ஆரணி. சிரிப்பும் அழுகையுமா நானும் கும்பிட்டன். பிறகு, பையைத் தூக்கிறார் அம்மா, இறங்கி இஞ்சை வரப் போறார் போலை எண்டாள்.

எனக்கு உயிர் போய் வந்தது. அவர் பாதையடிக்கு இறங்கி வர, நாங்கள் பாலத்தாலை சுத்திப் போக, திரும்பவும் அவர் இஞ்சை, நான் அங்கை. ரெண்டு கையையும் விரிச்சு வேண்டாம் வேண்டாம் எண்டு ஆட்டினன். திரும்பக் கண்ணாடிக்குள்ளாலை பார்க்கிறார் எண்டாள் ஆரணி. அவரைக் காட்டினன், நிலத்தைக் காட்டினன், அங்கையே இருங்கோ. என்ரை நெஞ்சைத் தொட்டன், பாலத்துப் பக்கம் காட்டினன், திரும்ப அவரைக் காட்டினன். பொம்பிளை எழும்பி மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போறாள், எங்கடை வம்சத்திலை இப்பிடி ஒண்டு நடந்திருக்காது. ஆரணி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிண்டவள், மெல்லச் சொன்னாள், இருந்திட்டார் அம்மா, துணியைத் திரும்ப விரிக்கிறார், மற்றக் கோப்பையை வெளியிலை எடுக்கிறார். கோட்டைக் கையிலை மடிச்சுப் போட்டுக்கொண்டு படியிலை இறங்கிறன். முழங்காலுக்கு ஒரு நோவும் இல்லை. எதேச்சையும் மண்ணாங்கட்டியும். அங்கை போய் நிண்டு புருவத்தை உயர்த்தமாட்டன், கோட்டை பார்க்க வந்தனான் எண்டு சொல்லமாட்டன். உங்களைப் பார்க்கத்தான் வந்தனான், பார்த்திட்டன், ரெண்டு வடை குறையுது எண்டு சொல்லுவன்.